மெக்கானிக் ஷெட்: மலையேறும் காருக்குச் 'சிரிப்பு வாயு' கொடுக்கலாமா?

மேட்டுப்பாளையத்தில் டிபன் முடித்துவிட்டுக் கிளம்பும்போது கார் சமர்த்தாகத்தான் இருக்கும். கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் செகண்ட் கியர் கேட்கும். பர்லியாறு பழக்கடைகளைத் தாண்டும்போது பின் சீட்டில் ஒரு குழந்தைக்கு வாந்தி வரும். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று ஏறி, ஊட்டி டவுனைக் கடந்து காந்தலின் ஏற்றத்தெரு ஒன்றில் திரும்பியதும்தான் வண்டியின் சுயரூபம் தெரியும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினாலும் கார் நகர யோசிக்கும். "வண்டி மூச்சு வாங்குதுங்க" என்பார்கள் உள்ளூர் டிரைவர்கள்.

இது பேச்சுக்குச் சொல்வதல்ல. அந்த இன்ஜினுக்கு உண்மையிலேயே மூச்சு போதவில்லை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைப்போல முக்கால் பங்குதான். மலைக்காற்று குளிர்ந்தது என்பதால் கொஞ்சம் அடர்த்தி கூடி, அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டும். அப்படிப் பார்த்தாலும், டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே வாங்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கடற்கரையில் 100 எச்.பி. காட்டும் இன்ஜின், காந்தலில் 80 சொச்சம் காட்டினால் அதிர்ஷ்டம். பெட்ரோல் டேங்க் நிறைய இருக்கிறது. அதை எரிக்கத்தான் ஆள் இல்லை.

கார்பரேட்டர் காலத்தில் இந்தப் பிரச்னை கண்ணுக்கே தெரியும். காற்று மெலிந்தாலும் கார்பரேட்டர் பழைய கணக்கிலேயே பெட்ரோலைக் கொட்டும். அம்பாசிடர் கறுப்புப் புகை கக்கிக்கொண்டே ஏறும். மலை மெக்கானிக்குகள் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அதாவது 'ரிச்'. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அதாவது 'லீன்'. காபித்தூள் பழுப்பில் இருந்தால் சரி. ரிச்சாக இருந்தால் பெட்ரோல் ஜெட்டைக் கழற்றிவிட்டு அதைவிடச் சிறிய துளையுள்ள ஜெட்டைப் போடுவார்கள். ஆக்சிஜன் எவ்வளவோ, பெட்ரோலும் அவ்வளவுதான். மலையில் வண்டி பார்த்தவர்களுக்கு இது பால பாடம்.

இப்போது இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கு வருவோம்.

ஒரு கார் நின்றுகொண்டிருக்கும். டிரைவர் ஒரு பட்டனை அழுத்துவார். பானட் பக்கத்திலிருந்து 'புஸ்ஸ்ஸ்' என்று வெள்ளைப் புகை பீறிடும். அடுத்த நொடி டயர் கிறீச்சிட, கார் பறக்கும். நைட்ரஸ் ஆக்சைடு! 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்துக்குப் பிறகு உலகம் முழுக்க இளைஞர்களின் வாயில் புழங்கும் பெயர் இது. வீடியோ கேம் ஆடிய எல்லோருக்கும் 'நைட்ரோ' தெரியும். ஆன்லைனில் தேடினால் கிட் விற்பனைக்கு வந்து நிற்கும். ஆக்சிஜன் குறைந்ததால்தானே மலையில் கார் திணறுகிறது, ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரி இதை மாட்டிவிட்டால் என்ன என்று ஓர் இளைஞர் யோசித்தால், அந்த யோசனையில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. சொல்லப்போனால், இந்த வாயு இன்ஜினுக்குள் வந்த கதையே உயரத்தில்தான் தொடங்குகிறது.

பல் டாக்டரிடமிருந்து போர் விமானத்துக்கு

1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்த வாயு இது. 1799-ல் ஹம்ப்ரி டேவி அதைத் தானே முகர்ந்து பார்த்து, சிரிப்பு வருகிறது என்று எழுதிவைத்தார். 1844-ல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், வலி தெரியாமல் பல் பிடுங்க உதவும் என்று காட்டினார். சிரிப்பு வாயு என்ற பெயர் நிலைத்தது.

இன்ஜினுக்குள் அது பெரிய அளவில் நுழைந்தது இரண்டாம் உலகப் போரில். எட்டு, ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கும் காந்தலில் ஏறும் காருக்கும் ஒரே நோய்தான். அங்கே அது இன்னும் முற்றிய நிலை. ஜெர்மனியின் லுஃப்ட்வாஃபே 'ஜி.எம்.-1' என்ற ஏற்பாட்டில், குளிரூட்டித் திரவமாக்கிய நைட்ரஸ் ஆக்சைடைத் தனித் தொட்டியில் சுமந்துசென்று, உயரத்தில் இன்ஜினுக்குள் பீய்ச்சியது. 1944-ல் பிரிட்டனும் தன் மஸ்கிட்டோ இரவுப் போர் விமானங்கள் சிலவற்றில் இதே வித்தையைச் செய்தது. எதிரி விமானத்தைத் துரத்திப் பிடிக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் பயன்படும் மூச்சு அது.

ஆக, இது சும்மா பந்தாவுக்குக் கண்டுபிடித்த சாமான் இல்லை. மெலிந்த காற்றுக்கான மருந்து. மருந்து என்றால் அளவு என்று ஒன்று இருக்கிறது. ரீல்ஸில் காட்டாத பகுதி அதுதான்.

எரிவது அது அல்ல

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஓரம்கட்டிவிடலாம். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல. அது தானாக எரியாது. அதன் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இன்ஜினுக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டும்போது இந்தக் கட்டு அவிழ்ந்து ஆக்சிஜன் விடுபடுகிறது. எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவிகிதம். நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவிகிதம். தவிர, திரவமாகப் பீய்ச்சும்போது அது சட்டென்று ஆவியாகி உள்ளே வரும் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதிலும் கொஞ்சம் ஆக்சிஜன் லாபம்.

ஆக்சிஜனைக் காற்றிலிருந்து வாங்காமல் தன்னுடனே சுமந்து செல்லும் இந்த உத்தி நீலகிரிக்குப் புதிதல்ல. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் நூறாண்டுக்கு மேலாகத் தயாராகிவரும் உந்துமருந்துகளின் அடிப்படையும் அதேதான். அடைத்த தோட்டாவுக்குள் காற்று ஏது?

கூடுதல் ஆக்சிஜன் வந்ததும் சக்தி கூடிவிடுமா? கூடாது. அதோடு கூடுதல் பெட்ரோலும் வந்தால்தான் கூடும். சக்தி தருவது பெட்ரோல்தான். அதை எரிக்க அனுமதிச்சீட்டு தருவது மட்டும்தான் நைட்ரஸ். வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் ஒன்பதரை கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வேண்டும். பந்தயக்காரர்கள் பாதுகாப்புக்காகப் பெட்ரோலை இதைவிடத் தாராளமாகவே விடுவார்கள். ஏன் என்பதில்தான் உயிர்நாடி இருக்கிறது.

பெட்ரோல் கொஞ்சம் அதிகமானால் கறுப்புப் புகை வரும், சக்தி குறையும், அவ்வளவுதான். பெட்ரோல் குறைந்து ஆக்சிஜன் மிஞ்சினால்? கொல்லன் உலையில் துருத்தி போட்ட மாதிரி. எரியும் வேகமும் சூடும் எகிறும். ஸ்பார்க் ப்ளக் கொடுக்கும் பொறிக்குக் காத்திராமல் ஆங்காங்கே கலவை தானாக வெடிக்கும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். கலவை அதற்கும் முன்பே இளகிவிடும். பிஸ்டனின் தலையில் துளை விழ நிமிடங்கள் தேவையில்லை. சில நொடிகள் போதும். பந்தய மெக்கானிக்குகளின் அலமாரியில் நடுவில் ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்று காட்சிக்கு இருந்தால், அதன் கதை பெரும்பாலும் இதுதான்.

அதாவது, காந்தலில் அம்பாசிடரின் ஜெட்டை மாற்றிய மெக்கானிக்கும் நைட்ரஸ் டியூன் செய்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர் தப்புச் செய்தால் வண்டி புகை கக்கும். இவர் தப்புச் செய்தால் இன்ஜின் காலி.

குழாயடியும் குடங்களும்

சரி, நைட்ரஸுக்கு ஒரு ஜெட், பெட்ரோலுக்கு ஒரு ஜெட், இரண்டையும் சரியான துளை அளவில் போட்டுவிட்டால் முடிந்ததா? ஆரம்பகால கிட்கள் அப்படித்தான் இருந்தன. இரண்டு சோலனாய்டு வால்வு, ஒரு சுவிட்ச். மின்சாரம் போனால் வால்வு திறக்கும், நின்றால் மூடும். குறைந்த அளவு ஷாட்டுக்கு இன்றும் இது போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் இதில் இரண்டு வில்லங்கம்.

தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒரே வேகத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது. வரிசையில் குடங்கள் நகர்கின்றன. குடம் மெதுவாக நகர்ந்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் வழியும். வேகமாக நகர்ந்தால் அரைக்குடம்தான் நிறையும். நைட்ரஸ் ஜெட்தான் அந்தக் குழாய். நொடிக்கு இத்தனை கிராம் என்று மாறாமல் வரும். இன்ஜின் சிலிண்டர்கள்தான் குடங்கள். 6,000 ஆர்.பி.எம்.மில் ஒரு சிலிண்டருக்கு ஒரு சுற்றில் கிடைக்கும் நைட்ரஸைப்போல மூன்று மடங்கு, 2,000 ஆர்.பி.எம்.மில் கிடைக்கும். மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் பட்டனை அழுத்துவது, மெதுவாக நகரும் குடத்தில் மூன்று குடம் தண்ணீரைக் கவிழ்ப்பது மாதிரி. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைவது இப்படித்தான்.

இதற்காகவே ஒழுங்கான அமைப்பில் இரண்டு காவல்காரர்கள் இருப்பார்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினால் மட்டுமே மின்சாரம் விடும் சுவிட்ச் ஒன்று. இன்ஜின் வேகம் குறிப்பிட்ட எல்லைக்குள், உதாரணமாக 3,500-க்கு மேல் 6,500-க்குக் கீழ் இருந்தால் மட்டுமே விடும் சுவிட்ச் இன்னொன்று. இரண்டும் சம்மதித்தால்தான் வால்வு திறக்கும். பெட்ரோல் பிரஷர் குறைந்தால் உடனே மூடிவிடும் மூன்றாவது காவலும் வைப்பது நல்லது. பல மலிவான கிட்களில் விடுபடுவது அந்த மூன்றாவதுதான்.

கூடவே ஸ்பார்க் டைமிங்கையும் தள்ளிப்போட வேண்டும். நைட்ரஸ் சேர்ந்த கலவை வேகமாக எரியும் என்பதால், பொறியைச் சற்றுத் தாமதமாகக் கொடுக்காவிட்டால் மேலே வரும் பிஸ்டனின் தலையில் வெடிப்பு இறங்கும். 50 எச்.பி. கூட்டினால் சுமார் 2 டிகிரி தாமதம் என்பது பந்தயக்காரர்களின் தொடக்கக் கணக்கு.

இரண்டாவது வில்லங்கம், எல்லாம் ஒரே அடியாக வந்து இறங்குவது. கோடு தாண்டிக் கிளம்பும் கணத்தில் திடீரென 100 எச்.பி. கூடினால் டயர் சும்மா சுற்றும். கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்ட்டும் அலறும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'ப்ரொக்ரெசிவ் கன்ட்ரோலர்'. வால்வுக்குத் திறப்பது, மூடுவது இரண்டும்தான் தெரியும். பாதி திறக்கத் தெரியாது. ஆகவே நொடிக்கு இருபது, முப்பது தடவை திறந்து மூடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் அளவு. கிளம்பும்போது 30 சதவிகித நேரம், ஒன்றரை நொடியில் 60, மூன்றாவது நொடியில் 100 என்று படிப்படியாக ஏற்றலாம். வீட்டில் எல்.இ.டி. விளக்கின் வெளிச்சத்தைக் குறைப்பதும் பெரும்பாலும் இதே தந்திரத்தில்தான்.

கேட்க எளிது. ஆனால் திரவ வாயு ஓடும் வால்வும் பெட்ரோல் ஓடும் வால்வும் ஒரே நேரத்தில் உத்தரவு வாங்கினாலும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வித்தியாசம். துடிப்பு குறுகக் குறுக அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். பெட்ரோல் பிந்தினால் லீன். பெட்ரோல் முந்தி இன்டேக் குழாயில் தேங்கினால், அது அங்கேயே பற்றிக்கொண்டு குழாயையே உடைக்கும். ஆகவே நல்ல டியூனர் இந்த இரண்டு வால்வுகளையும் இணைத்துச் சோதிக்கத்தான் அதிக நேரம் செலவிடுவார்.

இதே வாயு, இதே கவலை, மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரிலும் உண்டு. மயக்க மருந்து இயந்திரங்களில் நைட்ரஸ் ஆக்சைடு வால்வும் ஆக்சிஜன் வால்வும் இணைக்கப்பட்டிருக்கும். நைட்ரஸை எவ்வளவு திருகினாலும் நோயாளிக்குப் போகும் கலவையில் ஆக்சிஜன் சுமார் 25 சதவிகிதத்துக்குக் கீழே போகாது. அங்கே மூச்சு மனிதனுடையது என்பதால் இந்தப் பூட்டு கட்டாயம். காரில் அப்படி ஒரு பூட்டை வைப்பது அவரவர் பொறுப்பு.

காந்தல் உறைபனியும் சிலிண்டரும்

இதுவரை சொன்னதெல்லாம் சிலிண்டரில் அழுத்தம் மாறாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில். அது மாறும். நீலகிரியில் ரொம்பவே மாறும்.

சிலிண்டருக்குள் நைட்ரஸ் ஆக்சைடு பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. சமையல் கேஸ் மாதிரிதான். அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு சூடு என்பதுதான். 30 டிகிரியில் சுமார் 900 பி.எஸ்.ஐ. 20 டிகிரியில் சுமார் 740. பூஜ்ஜியம் டிகிரியில் சுமார் 450. பனிக்காலத்தில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படியும் அதிகாலைகள் நீலகிரிக்காரர்களுக்குப் புதிதல்ல. அப்படியொரு காலையில் டிக்கியில் கிடக்கும் சிலிண்டரின் அழுத்தம், கோவையின் மதியத்தில் இருந்ததில் பாதி. அழுத்தம் பாதியானால் வரத்து பாதியாகிவிடாது என்றாலும் கணிசமாகக் குறையும். பெட்ரோல் ஜெட்டோ பழைய கணக்கிலேயே கொட்டும். கலவை ரிச். வண்டி திக்கும்.

எரிச்சலான ஓர் இளைஞர் இந்த இடத்தில் செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. 'இங்கே நல்லா இழுக்கலையே' என்று பெட்ரோல் ஜெட்டைச் சின்னதாக்கிவிடுவது. காந்தலின் குளிரில் வண்டி இப்போது கச்சிதமாக ஓடும். பிறகு ஒருநாள் மதியம் அதே கார் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும். சிலிண்டர் சூடாகும். அழுத்தம் இரட்டிப்பாகும். நைட்ரஸ் பெருகும், பெட்ரோல் மட்டும் காந்தல் அளவிலேயே நிற்கும். பட்டனைத் தொட்டால் லீன். பிஸ்டன் உருகும் அதே லீன். ஐம்பது கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் சரியான டியூனிங் கொலைகார டியூனிங் ஆகிவிடுகிறது. யாரும் ஸ்பேனரைத் தொடக்கூட இல்லை.

சிலிண்டர் 36.4 டிகிரியைத் தாண்டினால் இன்னொரு சிக்கல். அதற்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடில் திரவம், வாயு என்ற பேதமே போய்விடும். எவ்வளவு அடர்த்தியாக வெளியே வருகிறது என்று கணிப்பது சிரமம். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி இந்த வெப்பத்தைச் சுலபமாகத் தொடும்.

பந்தயக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? சிலிண்டரைச் சுற்றி ஹீட்டர் போர்வை போட்டு, அழுத்தத்தை 900 முதல் 1,000 பி.எஸ்.ஐ.க்குள் நிறுத்திவைக்கிறார்கள். அதிலும் ஒரு பிரஷர் சுவிட்ச். எல்லை தாண்டினால் ஹீட்டர் அணையும். சிலிண்டரை அடுப்பில், தீயில், பாத்ரூம் ஹீட்டரில் காட்டுவது எல்லாம் தற்கொலை முயற்சி. வால்வில் அதிக அழுத்தத்தில் கிழிந்துவிடும் பாதுகாப்புத் தகடு இருக்கும்தான். அதற்கு வேலை வராமல் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கேதான் அந்த ரீல்ஸ் வெள்ளைப் புகையின் உண்மையான வேலையும் புரியும். சிலிண்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள குழாயில், கார் நிற்கும்போது திரவம் ஆவியாகித் தங்கிவிடும். முதலில் அந்த ஆவி போனால் ஆக்சிஜன் குறைவு, பெட்ரோல் அதிகம். அதை வெளியே துரத்திவிட்டு, முதல் கணத்திலிருந்தே திரவம் வரச் செய்வதற்குத்தான் அந்தப் 'புஸ்ஸ்'. கண்காட்சி அல்ல; குழாயைத் தயார்படுத்துவது. மலைச்சாலையில் இதுவும் பொய்க்கும். சிலிண்டரின் உள்ளே திரவத்தை உறிஞ்சும் குழாய், கார் முன்னே பாயும்போது திரவம் பின்னால் ஒதுங்கும் என்ற கணக்கில் பின்பக்கம் அடியில் இருக்கும்படி பொருத்தப்படும். கல்லட்டி மாதிரி செங்குத்து இறக்கத்தில், பிரேக் போட்டபடி, சிலிண்டர் பாதி காலியாக இருக்கும்போது திரவம் முன்னால் ஓடிவிடும். குழாய்க்குக் கிடைப்பது வெறும் ஆவி. அடுத்த வளைவில் மறுபடி திரவம். எந்தக் கன்ட்ரோலரும் இந்த ஊஞ்சலாட்டத்தை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டதல்ல.

புதிய தலைமுறை இ.சி.யு.க்கள் சிலிண்டர் அழுத்தத்தையும் சைலன்சர் பக்கமுள்ள ஆக்சிஜன் சென்சாரையும் ஓயாமல் படித்து, பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, லீன் என்று தெரிந்த கணமே நைட்ரஸை நிறுத்திவிடும். துல்லியம் என்றால் இன்று அதுதான். அதை நிரூபிக்கும் இடம் சாலை அல்ல, டைனோ. காரின் சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றி, முதலில் நைட்ரஸ் இல்லாமல் ஓடவிட்டு வரைபடம் எடுப்பார்கள். பிறகு இருப்பதிலேயே சிறிய ஜெட். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பார்க் ப்ளக் வெளியே வரும். எத்தனை சென்சார் வந்தாலும் அந்தப் பழுப்பு நிறத்தைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த ஜெட்டுக்குப் போகாதவர்கள்தான் இன்ஜினைக் காப்பாற்றுகிறார்கள். மலை மெக்கானிக்கின் வைத்தியம் இங்கேயும் கடைசித் தீர்ப்பு.

ஒன்றரை நிமிஷ மூச்சு

எல்லாம் சரியாகவே செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நேரம் வரும்?

100 எச்.பி. கூடுதலாக வேண்டுமென்றால் பத்து நொடிக்குச் சுமார் அரை கிலோ நைட்ரஸ் ஆக்சைடு போகும். வழக்கமான சிலிண்டர் கொள்ளளவு சுமார் நாலரை கிலோ. மொத்தம் ஒன்றரை நிமிடம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு மணி நேரம். பர்லியாறு வருவதற்கு முன்பே சிலிண்டர் காலி. மிச்ச வழி முழுக்க அந்தக் காலிச் சிலிண்டரின் எடையையும் சேர்த்து இழுக்க வேண்டியதுதான். 402 மீட்டர் டிராக் ரேஸுக்கு அது போதும். மலையேற்றத்துக்கு அல்ல.

பந்தய உலகிலேயே இதற்கு எல்லா இடத்திலும் வரவேற்பு இல்லை. 1976-ல் அமெரிக்காவின் டேட்டோனா 500 தகுதிச்சுற்றில் ஏ.ஜே. ஃபோய்ட், டேரல் வால்ட்ரிப் போன்ற பெரிய தலைகளின் நேரங்களே ரத்தாகின, காரணம், நைட்ரஸ். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய ஃபார்முலா 1-ன் விதியோ, எரிபொருளோடு சேரும் ஆக்சிஜன் சுற்றுப்புறக் காற்றிலிருந்து மட்டுமே வரலாம் என்கிறது. டிராக் ரேஸில் சில பிரிவுகள் அனுமதிக்கின்றன. அங்கே கார், ஓட்டுநர், சிலிண்டர் மூன்றையும் ஒருவர் பரிசோதித்த பிறகுதான் கோட்டுக்கு விடுவார்கள்.

பொதுச்சாலையில்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாலையில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவு தனியாக வரும். டூரிஸ்ட் டாக்ஸியை நம்பி வாழும் ஒரு காந்தல் குடும்பத்துக்கு, வண்டி ஆர்.டி.ஓ. வாசலில் நிற்பதும் பிஸ்டன் ஓட்டையாவதும் ஒரே மாதிரி நஷ்டம்தான். கடன் தவணைக்கு இரண்டின் வித்தியாசமும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வாயுவை போதைக்காக முகர்வது இப்போது பல நாடுகளில் பெரிய தலைவலி. தொடர்ந்து முகர்ந்தால் உடலில் பி12 வைட்டமின் செயலிழந்து நரம்புகள் பாதிக்கப்படும். கால் மரத்து நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு. அமெரிக்காவில் கார்களுக்கு விற்கும் வாயுவில் சிறிதளவு கந்தக டை ஆக்சைடு கலந்திருப்பது, முகர்ந்தால் மூச்சு முட்டட்டும் என்பதற்காகத்தான். வீட்டில் சிலிண்டர் இருந்தால் அது எதற்கு என்று பெற்றோர் கேட்பதில் தப்பில்லை.

நீலகிரிக்கு இந்த வாயுவோடு உள்ள பெரிய சம்பந்தம் காரிலும் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போடும் நைட்ரஜன் உரத்தில் ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு. அது தனிக்கதை.

வேகத்தில் நிஜமான ஆர்வம் இருப்பவர்களுக்கு மலைக்குக் கீழேயே இடம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டப்பாதை. இரண்டிலும் ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். எதிரே ஜீப் வராது.

காந்தல் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் குடும்பக் காருக்கு? ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். இன்ஜின் திணறும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே செகண்ட் கியருக்கு இறக்குங்கள். ஏர் ஃபில்டரைக் கிளம்பும் முன்பே சுத்தம் பார்த்துவிடுங்கள். கீழே பெரிதாகத் தெரியாத அடைப்பு மேலே நன்றாகத் தெரியும். அடுத்த கார் வாங்கும்போது மலைக்கு அடிக்கடி போகிறவர் என்றால் டர்போ இன்ஜினைப் பாருங்கள். மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே அனுப்புவதுதான் அதன் வேலை. சிலிண்டர் தீர்ந்துபோகும் கவலை அதற்கு இல்லை.